காடும் கடலும் கற்பிக்கும் நிர்வாகம்

(இளந்தொண்டூழியர் பயிற்சித் திட்டம் குறித்த கலந்துரையாடலில் ஆலயச் செயலவை உறுப்பினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் பேசிப் பழகியவன் நான். மணி அடித்தால்தான் நிறுத்துவேன் என்பது தலைவருக்குத் தெரியும். நல்லவேளையாகக் கோயிலிலும் மணி உண்டு. சாயரட்சை பூசைக்கு முன் முடித்துவிடுகிறேன்.

சென்ற செயலவைக் கூட்டத்தில் ஒரு யோசனை முன்வைக்கப்பட்டது. நம் இளந்தொண்டூழியர்களுக்குப் புலாவ் உபினில் இரண்டு நாள் வெளிப்புறப் பயிற்சி முகாம் நடத்தலாம், அதோடு மனவிழிப்புப் பயிற்சியும் கொடுக்கலாம், இவற்றின் வழியாக அவர்களுக்கு நிர்வாகத் திறனை ஊட்டலாம் என்பதே அந்த யோசனை. உடனே மூத்த நன்கொடையாளர் ஒருவர் எழுந்து, "கோயிலுக்குக் கொடுத்த பணத்தில் பிள்ளைகள் காட்டில் போய்க் கூடாரம் அடிப்பதா? கோபுரத்துக்கு வண்ணம் பூச வேண்டியிருக்கிறதே ஐயா!" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. கொடுப்பவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. அன்றைக்கு நேரம் போதவில்லை. இன்று அவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருக்குப் பதில் சொல்வதாகவே என் உரையை அமைத்துக்கொள்கிறேன்.

முதலில், கோயிலுக்கு எதற்கு நிர்வாகத் திறன்? ஒரு தைப்பூச நாளை எண்ணிப் பாருங்கள். சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் வரை பால்குடமும் காவடியும் வந்துகொண்டே இருக்கின்றன. வரிசையை ஒழுங்குபடுத்த வேண்டும். தண்ணீர்ப் பந்தலில் தண்ணீர் தீரக்கூடாது. மயங்கி விழுந்தவரை முதலுதவிக் கூடாரத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். அன்னதானக் கூடத்தில் சோறு வேகும் நேரமும் பந்தி நிறையும் நேரமும் ஒத்துப்போக வேண்டும். இத்தனையையும் செய்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டூழியர்கள்.

அலுவலக மேலாளருக்குச் சில வசதிகள் உண்டு. சம்பளம், பதவி உயர்வு, ஆண்டிறுதி மதிப்பீடு ஆகியவை அவர் கையில் இருக்கின்றன. தொண்டூழியரை நடத்துபவருக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. மனம் நொந்தால் தொண்டூழியர் அடுத்த வாரம் வரமாட்டார், அவ்வளவுதான். நம்பிக்கையையும் நல்ல சொல்லையும் மட்டும் வைத்துக்கொண்டு ஐம்பது பேரை ஒரே வேலையில் இணைப்பது, பெரிய நிறுவனத்தை நடத்துவதற்குச் சற்றும் குறைந்த திறமை அன்று.

இப்போது நம் நிலைமையைப் பார்ப்போம். செயலவையில் பாதிக்கு மேற்பட்டோர் அறுபதைத் தாண்டியவர்கள், நானும் அவர்களில் ஒருவன். நம் இளைஞர்கள் நல்ல பிள்ளைகள். பட்டம் பெற்றவர்கள், கணினியில் வல்லவர்கள். கூப்பிட்டால் வருகிறார்கள். வந்து, "சொல்லுங்க அங்கிள், செய்யுறோம்" என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு கவலையும் உண்டு. சொன்னதை இவர்கள் செய்வார்கள். சொல்ல வேண்டியதை எண்ணிப் பார்த்துச் சொல்லும் வேலையை நாளைக்கு யார் செய்வது?

ஒரு விழா நாளில் நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். திடீரென்று மழை கொட்டியது. முதியவர்கள் திறந்தவெளியில் வரிசையில் நின்றார்கள். சீருடை அணிந்த இளைஞர்கள் பத்துப் பேர் கையில் தொலைபேசியோடு ஓரமாக நின்றார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். பொறுப்பாளரின் உத்தரவுக்காகக் காத்திருந்தார்கள், பொறுப்பாளரோ உள்ளே சமையற்கட்டில் இருந்தார். கடைசியில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர்தான் கரண்டியை வைத்துவிட்டு, "நீ அந்தக் கதவைத் திற, நீங்க ரெண்டு பேரும் நாற்காலியை எடுத்துட்டு வாங்க" என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார். ஐந்து நிமிடத்தில் எல்லாரும் கூரைக்குள் வந்துவிட்டார்கள். அந்தப் பாட்டி எந்த நிர்வாகக் கல்லூரியிலும் படித்தவர் அல்லர். ஆனால் பெரிய குடும்பத்தை நடத்தியவர், பல கல்யாணங்களுக்கு முன்னின்றவர். நம் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்புகள் குறைந்துவிட்டன. வீடு சிறிது, குடும்பம் சிறிது, கல்யாணத்தை நடத்தவும் நிறுவனங்கள் வந்துவிட்டன. முன்பு வாழ்க்கையே கொடுத்த பயிற்சியை இப்போது நாமாகத்தான் ஏற்படுத்திக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு எதற்குக் காடும் கடலும் என்று கேட்கலாம். இந்த முறை எப்படிப் பிறந்தது என்பதைச் சுருக்கமாகச் சொன்னால் விளங்கும். கர்ட் ஹான் என்பவர் 1886-இல் ஜெர்மனியில் பிறந்த கல்வியாளர். ஹிட்லரை எதிர்த்ததால் 1933-இல் சிறைப்பட்டு, பிறகு பிரிட்டனுக்குச் சென்றார். 1941-இல் வேல்ஸ் நாட்டின் அபர்டோவி என்னும் கடலோர ஊரில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதற்குத் துணை நின்றவர் புளூ ஃபன்னல் கப்பல் நிறுவனத்தின் லாரன்ஸ் ஹோல்ட். சிங்கப்பூர், பினாங்குத் துறைமுகங்களுக்கு வந்துபோன கப்பல்கள்தாம் அவை. அது போர்க்காலம். கப்பல் மூழ்கி, உயிர்காப்புப் படகில் தத்தளிக்கும்போது, உடல் வலிமை மிக்க இளம் மாலுமிகளைவிட, வயதில் மூத்த மாலுமிகளே அதிகம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று ஹோல்ட் கருதினார். மூத்தவர்களுக்குக் கடல் பழக்கம் இருந்தது. பதறாமல் இருப்பதையும் பக்கத்தில் இருப்பவரை நம்புவதையும் அந்தப் பழக்கம் அவர்களுக்குக் கற்றுக் கொடுத்திருந்தது. அந்த மனத்திண்மையை இளைஞர்களுக்குச் சில வாரப் பயிற்சியில் ஊட்ட முடியுமா என்ற கேள்வியில் பிறந்ததே அவுட்வர்ட் பவுண்ட் பள்ளி. துறைமுகத்தை விட்டுக் கடலுக்குப் புறப்படும் கப்பலைக் குறிக்கும் பெயர் அது.

1950களில் அந்தப் பள்ளி மலாயாவுக்கும் வந்தது. பேராக்கில் லூமுட் கடற்கரையில் அமைந்தது. சிங்கப்பூரில் டாக்டர் கோ கெங் சுவீயின் முயற்சியால் 1967-இல் புலாவ் உபினில் தொடங்கியது. நாடு விடுதலை பெற்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. எத்தனையோ செலவுகள் காத்திருந்த காலத்திலும், இளைஞர்களின் உறுதியை வளர்ப்பதை அவசியச் செலவாகவே அன்றைய தலைவர்கள் எண்ணினார்கள். இதை நம் நன்கொடையாளர் பெருமகனார் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

அங்கே என்னதான் கற்கிறார்கள்? ஆசிரியராக மாணவர்களை முகாம்களுக்கு அழைத்துச் சென்றபோது நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எட்டு மாணவர்களிடம் நெகிழிப் பீப்பாய்களும் மூங்கில் கழிகளும் கயிறும் கொடுத்தார்கள். நாற்பது நிமிடத்தில் தெப்பம் கட்டி, தூரத்து மிதவை வரை போய்த் திரும்ப வேண்டும். உரத்த குரலுடைய மாணவன் ஒருவன் தானே தலைவனானான். நான்கு பேர் வேர்க்க வேர்க்கக் கட்டினார்கள், மற்ற நான்கு பேர் வேடிக்கை பார்த்தார்கள். தெப்பம் கரையிலிருந்து பத்து மீட்டர் போனதும் இடப்பக்கக் கயிறு அவிழ்ந்து, எல்லாரும் தண்ணீரில் விழுந்தார்கள். உயிர்காப்புச் சட்டை இருந்ததால் சிரிப்போடு கரையேறினார்கள்.

உண்மையான பாடம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. பயிற்றுநர் அவர்களை வட்டமாக உட்காரவைத்து மூன்று கேள்விகள் கேட்டார். என்ன நடந்தது? ஏன் நடந்தது? அடுத்த முறை எதை மாற்றுவீர்கள்? சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி, "இடது பக்கம் முடிச்சு லூசா இருக்குன்னு நான் சொன்னேன். யாரும் கேக்கல" என்றாள். அந்தத் தலைவன் தலையைக் குனிந்துகொண்டு, "நீ சொன்னது என் காதுல விழுந்துச்சு. ஆனா நின்னு கேக்கல" என்றான். இரண்டாவது முறை அவர்கள் யாருடைய தூண்டுதலும் இல்லாமல், முடிச்சுகளைச் சுற்றிப் பார்க்கும் வேலையை அந்தப் பெண்ணிடம் ஒப்படைத்தார்கள். தெப்பம் மிதவையைத் தொட்டுத் திரும்பியது.

இதே பாடத்தை நான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தால் தேர்வில் எழுதிவிட்டு மறந்திருப்பார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அல்லவா? அனுபவம், அதைத் திரும்பிப் பார்த்தல், அதிலிருந்து ஒரு கருத்தைப் பெறுதல், அதை மீண்டும் செய்து சோதித்தல் என்ற நான்கு படிகளைச் சுழற்சியாக விளக்கி டேவிட் கோல்ப் என்ற அமெரிக்க அறிஞர் 1984-இல் நூல் எழுதினார். வெளிப்புறப் பயிற்சியாளர்கள் பலர் இன்றும் அந்தச் சுழற்சியைப் பின்பற்றுகிறார்கள். திரும்பிப் பார்க்கும் அந்த வட்டம் இல்லாவிட்டால் முகாம் வெறும் உல்லாசப் பயணமாகிவிடும்.

நம்மவர்க்கும் இது புதிதன்று. திருக்குறளின் பொருட்பாலில் 47-ஆம் அதிகாரத்திலிருந்து 52-ஆம் அதிகாரம் வரை தலைப்புகளை மட்டும் படித்துப் பாருங்கள். தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல். திட்டமிடு, உன் வலிமையை அறி, நேரத்தை அறி, இடத்தை அறி, ஆளைத் தேர்ந்தெடு, பிறகு வேலையை ஒப்படை. தெப்பம் கட்டும்போது அந்தப் பிள்ளைகள் கடந்த படிகள் இவைதாம்.

இனி மனவிழிப்புக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்கிறார்கள். இப்போது நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல், முழுக் கவனத்தோடு உணர்ந்திருப்பதே அது. பௌத்த நூல்களின் பாலி மொழியில் இதற்கு 'சதி' என்று பெயர். பயப்பட வேண்டாம், நம் தொலைக்காட்சித் தொடர்களில் மாமியார் செய்யும் சதி அன்று இது! வடமொழியின் 'ஸ்மிருதி' என்னும் சொல்லோடு உறவுடையது. நினைவில் வைத்திருத்தல், மறவாமை என்று பொருள். வியப்பு என்னவென்றால், திருக்குறளின் 54-ஆம் அதிகாரத்தின் பெயர் பொச்சாவாமை. அதற்கும் மறவாமை என்பதே பொருள். மனம் சோர்ந்து கடமையை நழுவவிடாத அந்த விழிப்பை வள்ளுவர் துறவறத்தில் வைக்காமல், ஆட்சி செய்வோருக்கான அரசியலில் வைத்தார். நிர்வாகிக்கு விழிப்பு வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இக்காலத்தில் இதை மருத்துவத்துறைக்குக் கொண்டுவந்தவர் ஜான் கபாட்-சின். 1979-இல் மசாசுசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், நாள்பட்ட வலியாலும் மன அழுத்தத்தாலும் வாடியவர்களுக்காக அவர் தொடங்கியது எட்டு வாரப் பயிற்சியாக வளர்ந்தது. நிறுவனங்களுக்குள் இதைக் கொண்டுசென்றவர்களில் ஒருவர் சிங்கப்பூரில் பிறந்தவர் என்பது நமக்குப் பெருமை. கூகுள் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த சேட் மெங் டான், 2007-இல் தம் சக ஊழியர்களுக்காக இப்படி ஒரு வகுப்பைத் தொடங்கினார்.

"நமக்கு ஜபமும் தியானமும் இருக்க, அமெரிக்காவிலிருந்து இது எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். ஜபமும் தியானமும் இறைவனை நோக்கியவை. அவற்றின் இடத்தில் இதை வைக்க யாரும் சொல்லவில்லை. இது வேலைக்கு உதவும் ஒரு பழக்கம். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்ற பக்தர் ஒருவர் பொறுமையிழந்து, பத்தொன்பது வயதுத் தொண்டூழியரிடம் கத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு முகம் சிவக்கிறது, வாய் துடிக்கிறது. அந்த நேரத்தில் தன் மூச்சு வேகமாவதைத் தானே கவனித்து, ஒரு மூச்சு விட்டு, "மன்னிச்சிடுங்க ஐயா, முதல்ல உட்காருங்க, தண்ணீர் கொண்டு வரேன்" என்று சொல்ல முடியுமானால், அங்கே ஒரு சண்டை தவிர்க்கப்படுகிறது. ஆலயத்தின் பெயரும் காப்பாற்றப்படுகிறது. அந்த ஒரு மூச்சுக்குத்தான் இந்தப் பயிற்சி.

காட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. கர்ட் ஹான் ஜெர்மனியில் தாம் நடத்திய சாலம் பள்ளிக்கு வகுத்த ஏழு விதிகளில், மாணவர்களுக்கு அமைதியான நேரம் ஒதுக்க வேண்டும் என்பதும் ஒன்று. அவுட்வர்ட் பவுண்ட் பயிற்சிகளில், பயிற்சி பெறுபவரைக் கரையோரத்திலோ காட்டிலோ சில மணி நேரம் தனியே இருக்கவைக்கும் வழக்கம் உண்டு. பேச்சுத் துணையும் இல்லை, தொலைபேசியும் இல்லை. முதல் அரைமணி நேரம் மனம் தவிக்கும். பிறகு அலைச் சத்தம் கேட்கத் தொடங்கும். இன்றைய இளைஞர்களுக்குக் கிடைக்காத அனுபவங்களில் இதுவும் ஒன்று. கபாட்-சின்னின் பயிற்சியில், ஒரே ஓர் உலர்திராட்சையைப் பார்த்து, தொட்டு, முகர்ந்து, மெல்ல மென்று உண்ணும் பாடம் ஒன்று உண்டு. நம் முகாமில் அதைச் சர்க்கரைப் பொங்கலில் உள்ள திராட்சையைக் கொண்டே நடத்தலாம்.

இதனால் பலன் உண்டா என்று கணக்குக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1997-இல் ஜான் ஹாட்டி என்ற கல்வி ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் சாகசக் கல்வி பற்றிய 96 ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்டார்கள். பொதுவாகப் பயிற்சி முடிந்ததும் பலன் தேய்ந்துபோகும். இவ்வகைப் பயிற்சிகளில் தன்னம்பிக்கை, தன்னடக்கம், தலைமைத்துவம் முதலியவற்றில் கிடைத்த முன்னேற்றம், முகாம் முடிந்த பிறகும் நிலைத்து, மேலும் வளர்ந்தது என்று கண்டார்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. திட்டத்துக்குத் திட்டம் பலன் வேறுபடுகிறது, நீண்ட நாள் பயிற்சிகளே கூடுதல் பலன் தருகின்றன. ஆகவே இரண்டு நாள் முகாம் மட்டும் போதும் என்று நான் உங்களிடம் சொல்லமாட்டேன். மனவிழிப்பும் சர்வரோக நிவாரணி அன்று. கடுமையான மனச்சோர்வில் இருப்பவர் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். கண்ணை மூடி உட்காரச் சங்கடப்படுபவரை வற்புறுத்தவும் கூடாது.

பெற்றோரின் அச்சத்தையும் நான் ஒதுக்கவில்லை. 2021 பிப்ரவரியில் சிங்கப்பூரில் உயர்கயிற்றுப் பயிற்சியின்போது மாணவர் ஒருவர் விழுந்து உயிரிழந்தார். கல்வி அமைச்சு பள்ளிகளின் உயரப் பயிற்சிகளை உடனே நிறுத்திவைத்தது. ஒரு பிள்ளையின் உயிருக்கு ஈடாக எந்தப் பாடமும் இல்லை. அதனால் நம் முகாமில் உயரக் கயிறு ஏறுதல் வேண்டாம் என்பது என் கருத்து. வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு நடத்தல், கூடாரம் அமைத்தல், இரவுச் சமையல், கரையோரத்தில் தெப்பம் கட்டுதல் ஆகியவை நம் நோக்கத்துக்குப் போதும். அவற்றையும் தகுதிச் சான்றுள்ள பயிற்றுநர்களே நடத்த வேண்டும். முதலுதவியாளர் உடனிருக்க வேண்டும். மின்னல் எச்சரிக்கை வந்தால் நிகழ்ச்சி நிற்க வேண்டும்.

இனி நான் முன்வைக்கும் திட்டம். முதல் ஆண்டு 24 பேர், எட்டு எட்டாக மூன்று குழுக்கள், ஆணும் பெண்ணுமாக. முகாம் முடிந்து ஆறு மாதம் வரை, மாதம் ஒருமுறை கூடி, செய்த பணியைத் திரும்பிப் பார்க்கும் வட்டம் நடக்கும். இந்த ஆறு மாதத்தில் ஒவ்வொருவரும் ஆலயத்தில் ஒரு பணிக்கு முழுப் பொறுப்பேற்க வேண்டும். ஒருவருக்குத் தண்ணீர்ப் பந்தல், ஒருவருக்குக் காலணி வைக்குமிடம், ஒருவருக்கு வெள்ளிக்கிழமை அன்னதானம். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் மூத்தவர் ஒருவர் துணையாக இருப்பார்.

செயலவைப் பெரியவர்களே, கடினமான பகுதி இங்கேதான் இருக்கிறது. துணை நிற்கும் மூத்தவர், கேட்டால் மட்டுமே வாய் திறக்க வேண்டும். அந்தப் பிள்ளை சாம்பார் வாளியை நாம் வைக்கும் இடத்தில் வைக்காமல் வேறிடத்தில் வைத்தால், யாருக்கும் ஆபத்தில்லாத வரையில், நாம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். முப்பது வருடமாக நாம் செய்த வேலையைப் பிறர் கையில் விடுவது எளிதன்று. இளைஞர்களுக்கு முகாமில் என்னதான் கற்றுக் கொடுத்தாலும், திரும்பி வரும்போது நாம் பொறுப்பைக் கொடுக்காவிட்டால், அவர்கள் மறுபடியும் "சொல்லுங்க அங்கிள்" என்றுதான் நிற்பார்கள். பிறகு வேறு இடம் தேடிப் போவார்கள்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். திருப்பணி நிதியிலோ அன்னதான நிதியிலோ உண்டியலிலோ ஒரு காசும் எடுக்கக்கூடாது. ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்த பணத்தை மற்றொன்றுக்குச் செலவிடுவது அறமாகாது. இதற்கென்று தனிக் கணக்கு வைப்போம். விரும்புபவர்கள் அதற்குக் கொடுக்கட்டும். கலந்துகொள்ளும் இளைஞர்களும் தம்மால் இயன்ற பங்கைச் செலுத்தட்டும், வசதியற்ற பிள்ளைக்குப் பொறுப்பை நாம் ஏற்போம். அடுத்த ஆண்டு மலரில் வரவு செலவோடு ஓர் அறிக்கையும் வெளியிடுவோம். இருபத்து நான்கு பேரில் எத்தனை பேர் தொடர்ந்து வருகிறார்கள், எந்தெந்தப் பணிகளை அவர்கள் தாமே நடத்துகிறார்கள் என்று அதில் எழுதுவோம். பலன் இல்லையென்றால் திட்டத்தை நிறுத்திவிடுவோம்.

முன்வரிசையில் இருக்கும் பெரியவருக்கு: ஐயா, கோபுரத்துக்கு வண்ணம் பூசத்தான் வேண்டும், அதற்கு என் பங்கையும் கொடுக்கிறேன். கும்பாபிஷேகம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவது வழக்கம். அடுத்த கும்பாபிஷேகத்தின்போது நீங்களும் நானும் நலமாக இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்திருப்போம். அன்றைக்கு வண்ணத்தைத் தேர்ந்தெடுத்து, ஆள் பிடித்து, கணக்கு எழுதி, கூட்டத்தை நடத்தப் போகிறவர்கள் இதோ பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள். அவர்களுக்கும் ஏதாவது செலவழிக்க வேண்டாமா?

இளைஞர்களே, முகாமுக்குப் பெயர் கொடுக்கும் தாள் அலுவலகத்தில் இருக்கிறது. தெப்பம் கவிழ்ந்தால் கவலைப்படாதீர்கள். கரையேறி வட்டமாக உட்கார்ந்து, ஏன் கவிழ்ந்தது என்று பேசத் தெரிந்தால் போதும்.